இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வு முடிவு வெளியான சில நாட்களுக்குள், அதுவரை ரவுண்ட்ஸில் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்த மாணவர் ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்குள் நுழைகிறார். கழுத்தில் அதே ஸ்டெதஸ்கோப்தான். ஆனால் இனி அவர் கேஸ் ஷீட்டில் எழுதுவதை சிஸ்டர் ஊசியில் ஏற்றுவார். நோயாளியின் மகன் அவரைத்தான் வராந்தாவில் நிறுத்தி, "டாக்டர், எங்கப்பா பிழைச்சிடுவாரா?" என்று கேட்பார். ஓராண்டுப் பயிற்சிக் காலம், முதுநிலைப் படிப்பின் மூன்றாண்டுகள், பிறகு உதவிப் பேராசிரியராகவோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகவோ முதல் சில ஆண்டுகள் என்று நீளும் இந்தக் காலத்தில்தான் ஒருவர் எப்படிப்பட்ட மருத்துவர் ஆகப்போகிறார் என்பது பெரும்பாலும் முடிவாகிறது. அதில் பாடப்புத்தகத்தைவிடப் பக்கத்தில் நின்ற மூத்தவருக்கே பங்கு பெரிது என்று மருத்துவர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இது நன்றியில் பிறந்த பேச்சு மட்டும்தானா, சான்றுகளும் இதைத் தாங்குகின்றனவா? தாங்குகின்றன என்றால் நம் போதனா மருத்துவமனைகளில் இது ஏன் அருகி வருகிறது?

பருவமழைக் காலத்துக் காய்ச்சல் வார்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து நாள் காய்ச்சலோடு கிடந்த பையனுக்கு இன்று காலை உடம்பு சுடவில்லை. அம்மாவுக்கு நிம்மதி. ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைத்துத் தவிக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கும் நிம்மதி. டிஸ்சார்ஜ் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். ரவுண்ட்ஸ் வந்த உதவிப் பேராசிரியர் கேஸ் ஷீட்டைக் கையில் வாங்குவதற்கு முன் பையனின் பாதத்தைத் தொடுகிறார். "இங்க வாம்மா, நீயும் தொட்டுப் பாரு. கால் ஜில்லுனு இருக்கா? பி.பி. நூறுக்கு எண்பத்திரண்டுன்னு எழுதியிருக்க. நூறு இருக்கேன்னு விட்டுட்டியா? ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு பாரு."

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தான வேளை. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். மேல், கீழ் ரத்த அழுத்தங்களுக்கு இடையிலான வித்தியாசம் 20 அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் அதிர்ச்சி நிலை. ஹீமட்டோகிரிட் 20 விழுக்காடு ஏறினால் கசிவு நடக்கிறது என்று பொருள். இவை எதுவும் ஹவுஸ் சர்ஜனான அந்தப் பெண்ணுக்குத் தெரியாதவை இல்லை. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். ஆனால் தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு, கட்டில் தட்டுப்பாட்டுக்கும் அம்மாவின் மலர்ந்த முகத்துக்கும் நடுவே, அந்த அறிவு சரியான நொடியில் எழுந்து வர வேண்டும். அதற்கு ஒருமுறையாவது யாரேனும் அவர் கையைப் பிடித்து அந்தக் குளிர்ந்த காலின்மேல் வைத்திருக்க வேண்டும்.

இதுவரை நடந்தது கற்பித்தல். அதே ஆசிரியர் மதியம் ஓ.பி. முடிந்த பிறகு அந்தப் பெண்ணை உட்கார வைத்து, காலையில் எல்லோர் முன்னும் கேட்டதில் மனம் வாடிவிட்டதா என்று விசாரித்து, அடுத்து மெடிசின் எடுக்கிறாயா குழந்தை மருத்துவமா, வீட்டில் என்ன சொல்கிறார்கள், ராத்திரி டியூட்டியில் சாப்பிடுகிறாயா என்று பேசுகிறார் என்றால், அந்தப் பேச்சு மாதக்கணக்கில் தொடர்கிறது என்றால், அங்கே வழிகாட்டல் தொடங்குகிறது. இந்த உறவில் இரண்டு இழைகள் உண்டென்று 1980களில் அமெரிக்க ஆய்வாளர் கேத்தி கிராம் பிரித்துக் காட்டினார். ஒன்று தொழிலில் முன்னேற உதவுவது. மற்றொன்று மனத்துக்குத் துணையாக நிற்பது. அவர் ஆராய்ந்தது வணிக நிறுவனங்களை. மருத்துவமனைக்கு மூன்றாவதாக ஓர் இழையைச் சேர்க்க வேண்டும் என்பேன்: நோயாளியின் பாதுகாப்பு. மருத்துவத்தில் வழிகாட்டி இல்லாததன் விலையை இளைய மருத்துவர் மட்டும் கொடுப்பதில்லை, கட்டிலில் கிடப்பவரும் சேர்ந்தே கொடுக்கிறார்.

சான்றுகளைப் பார்ப்போம். மருத்துவக் கல்வி உலகில் இது தொடர்பாக அதிகம் எடுத்துக்காட்டப்படும் தொகுப்பாய்வு 2006இல் 'ஜாமா' இதழில் வெளிவந்தது. டாரியோ சம்புன்யாக், ஷரன் ஸ்ட்ராஸ், அனா மருசிச் ஆகிய மூவர் எழுதியது. 3,640 கட்டுரைக் குறிப்புகளைச் சலித்து 39 ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வழிகாட்டி வாய்த்தவர்கள் துறையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஆராய்ச்சியிலும் பணி வளர்ச்சியிலும் பயன் அடைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் மருத்துவ மாணவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே வழிகாட்டி இருந்தார். சில துறைகளில் ஆசிரியர்களிடையே இது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. பெண்கள் தங்களுக்கு வழிகாட்டி கிடைப்பது கூடுதல் சிரமம் என்றார்கள்.

அந்த ஆய்வாளர்கள் தங்கள் சான்றின் பலவீனத்தையும் மறைக்கவில்லை. 39இல் 34 ஆய்வுகள், ஒரே ஒரு தடவை கேள்வித்தாள் கொடுத்து "உங்களுக்குப் பயன்பட்டதா?" என்று கேட்டவை. நல்ல வழிகாட்டி கிடைத்ததால் ஒருவர் உயர்ந்தாரா, உயரக்கூடியவரைத்தான் வழிகாட்டிகள் தேடிப் பிடித்துக்கொண்டார்களா என்று இத்தகைய ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு குறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மேலை நாட்டு ஆய்வுகள் பலவும் பயனை அளக்கும் கோல் வெளியான கட்டுரைகளும் கிடைத்த நிதியும் பதவி உயர்வும்தான். ஒரே காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில், ஒரு இளைய மருத்துவர் நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டாரா என்பதை அந்தக் கோல் அளக்காது.

எண்கள் பிடிக்கத் தவறுவதைச் சில நேரம் வரலாறு பிடித்துவிடுகிறது. 1889இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது மருத்துவப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் வில்லியம் ஆஸ்லர். அறுவைப் பிரிவுக்கு வில்லியம் ஹால்ஸ்டெட். இன்று உலகம் முழுக்க நடக்கும் ரெசிடென்ட் பயிற்சி முறை இந்த இருவரின் கையில் உருவானது. ஹால்ஸ்டெட் நுணுக்கத்தின் உச்சம். ஆனால் ஒதுங்கியே வாழ்ந்தவர், உதவியாளர்களைப் பெரும்பாலும் அவர்கள் போக்கில் விட்டவர். அவரிடம் ரெசிடென்டாக இருந்தவர், பிற்காலத்தில் மூளை அறுவை மருத்துவத்தின் முன்னோடி என்று பேர்பெற்ற ஹார்வி குஷிங். கத்தி பிடிக்க ஹால்ஸ்டெட்டிடம் கற்ற குஷிங், வாழக் கற்றது பக்கத்து வீட்டில். ஆஸ்லர் தம் வீட்டுச் சாவியை அடுத்த வீட்டில் தங்கியிருந்த குஷிங் உள்ளிட்ட இளைய மருத்துவர்களிடம் கொடுத்து வைத்திருந்தார். நேரம் காலம் பாராமல் அவர்கள் அவருடைய நூலகத்துக்குள் வரலாம், போகலாம். ஆஸ்லர் இறந்த பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி 1926இல் புலிட்சர் பரிசு பெற்றவரும் இந்தக் குஷிங்தான். வேலை வாங்கும் தலைவரும் வழிகாட்டியும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். இந்தப் புள்ளிக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

அந்தத் திறந்த வீட்டின் கதை நம் ஊர்வரை வருகிறது. ஆஸ்லர் 1905இல் ஆக்ஸ்போர்டுக்குப் போனார். அங்கே படிக்க வந்த வைல்டர் பென்ஃபீல்டு என்ற அமெரிக்க மாணவர் 1916 மார்ச்சில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அவர் சென்ற 'சசெக்ஸ்' கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. காயம்பட்ட அந்த மாணவரைத் தம் வீட்டில் வைத்துத் தேற்றினார்கள் ஆஸ்லர் தம்பதியர். பென்ஃபீல்டு 1934இல் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தை எழுப்பினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஜேக்கப் சாண்டி அங்கே போய் அவரிடம் பயின்று திரும்பி, 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல், நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கிய பி. ராமமூர்த்தியும் மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்றவர். ஒருவரிடம் பெற்றதை இன்னொருவருக்குக் கொடுப்பதன் வழியாக மூன்றே தலைமுறையில் பால்டிமோரின் ஒரு வீட்டிலிருந்து வேலூர் வார்டுவரை ஒரு பழக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. இதை எந்தக் கேள்வித்தாளிலும் பதிய முடியாது.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே அமைந்தாற்போல ஒரு கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் யூனிட். ஒரு சீஃப், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், பிஜிக்கள் எனப்படும் மூன்று ஆண்டு முதுநிலை மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள். வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் ஓ.பி., அட்மிஷன் டே, மறுநாள் காலை முழு யூனிட்டும் சேர்ந்து ரவுண்ட்ஸ். "நீங்க யார் யூனிட்?" என்பது மருத்துவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளக் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. ஸ்டான்லியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றி 2015இல் மறைந்த கே.வி. திருவேங்கடம் போன்றவர்களிடம் படித்தோம் என்று சொல்லிக்கொள்வதில் இன்றும் மூத்த மருத்துவர்களுக்குப் பெருமை உண்டு. ஓய்வுக்குப் பிறகும் அவர் கற்பிப்பதை விடவில்லை. வேலூரில் மாணவர்களுக்கு ஆசிரியர் குடும்பங்களை வளர்ப்புப் பெற்றோராகச் சேர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார ஒரு வீடு. இவை எல்லாம் மேல்நாட்டுச் சொல் வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்த வழிகாட்டல் முறைகள்.

யூனிட் முறையின் உண்மையான சோதனை பகல் ரவுண்ட்ஸில் நடப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு நடக்கிறது. பிரசவ வார்டில் குழந்தை பிறந்து அரை மணி ஆன தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பை தளர்ந்திருக்கிறதா, எங்காவது கிழிந்திருக்கிறதா என்று முதலாண்டு பிஜிக்குச் சந்தேகம். சீனியர் இப்போதுதான் கண் மூடினார். டியூட்டி அசிஸ்டன்ட்டைக் கூப்பிட்டால் "இதுக்கெல்லாமா கூப்பிடுவ?" என்பாரோ என்று ஒரு தயக்கம். பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று தோன்றும். அந்தப் பத்து நிமிஷத்தில் போகும் ரத்தம் திரும்பாது. ஹவுஸ் சர்ஜன், முதலாண்டு, இறுதியாண்டு, உதவிப் பேராசிரியர், சீஃப் என்று ஏறிப் போகும் படிகளில் ஒவ்வொரு படியிலும் ஒரு தயக்கம் உட்கார்ந்திருந்தால், உதவி மேலிருந்து கீழே வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சேர்ந்த முதல் நாளே, "எத்தனை மணியானாலும் கூப்பிடு. கூப்பிட்டதுக்காக என் யூனிட்ல யாரும் திட்டு வாங்க மாட்டாங்க" என்று சொல்லி, அந்த வாக்கை மூன்று வருஷம் காப்பாற்றும் ஒரு சீஃப் எத்தனை உயிரைக் காப்பாற்றுகிறார் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

பயமில்லாத யூனிட்டின் மதிப்புக்குச் சான்று இருக்கிறது; ஆனால் அது சற்றே எதிர்பாராத வடிவில் கிடைத்தது. ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களின் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள குழுவில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். எண்கள் தலைகீழாக வந்தன. நல்ல குழுக்களில் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையைச் சொல்ல யாரும் பயப்படவில்லை என்பதே காரணம் என்று பிறகு புரிந்தது. பயம் நிறைந்த வார்டில் பிழை குறைவதில்லை, மறைகிறது. 2011இல் ஜான் யங்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பழைய ரெசிடென்ட்கள் போய்ப் புதியவர்கள் வரும் ஆண்டு மாற்ற வேளையில் நோயாளிகளின் இறப்பு கூடுவதாகவும் பணித்திறன் குறைவதாகவும், தரமான ஆய்வுகளை வைத்து அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். புதியவர்கள் புதியவர்களாகத்தான் வருவார்கள். அதைத் தவிர்க்க முடியாது. அந்த வாரங்களில் மூத்தவர்கள் எவ்வளவு அருகில் நிற்கிறார்கள் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

அருகில் நிற்பது என்பதன் இன்னொரு பொருள் மரணத்தைச் சொல்லும் நேரத்தில் தெரியும். மாணவப் பருவத்தில் நூறு மரணங்களைக் கேள்விப்பட்டிருந்தாலும், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்திடம் போய்ச் சொல்லும் வேலை ஒருநாள் திடீரென்று தலையில் விழுகிறது. இதற்கென 2000ஆம் ஆண்டில் 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறுபடி முறை வகுக்கப்பட்டு உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. நம் புதிய பாடத்திட்டத்திலும் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்குத் தனிப் பகுதி உண்டு. ஆனாலும் இதைக் கற்றுக்கொள்வதற்கு ஒரு சீனியரின் பின்னால் போய் நின்று பார்ப்பதே வழி. நல்ல சீனியர் முதலில் கையுறையைக் கழற்றிவிட்டு, சட்டையில் ரத்தம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வார். இறந்தவரின் பெயரைக் கேஸ் ஷீட்டில் இன்னொரு முறை சரிபார்ப்பார். "செல்விங்கிறவங்களோட வீட்டுக்காரர் யாரு?" என்று கேட்டு, கூட்டத்திலிருந்து தனியே அழைத்து, உட்கார வைப்பார். "கை மீறிப் போயிடுச்சு" என்று பூசி மெழுகாமல், "அவங்க இறந்துட்டாங்க" என்று ஒரே வாக்கியத்தில் சொல்வார். பிறகு ஒன்றும் பேசாமல் நிற்பார். உடனே திரும்பி நடக்க மாட்டார். இந்த நிற்றலை எந்தப் பாடத்திட்டத்தாலும் தர முடியாது. அன்று இரவு அந்த சீனியர், "சாப்பிட்டியா?" என்று கேட்டு கேன்டீனுக்கு அழைத்துப் போனாரா என்பதைப் பொறுத்தே அந்த ஹவுஸ் சர்ஜன் அடுத்த மரணத்தை எப்படித் தாங்குவார் என்பது இருக்கும்.

தாங்க முடியாமல் போவோர் எத்தனை பேர் என்று பார்த்தால் மனம் பதைக்கும். 17,560 இளைய மருத்துவர்களை உள்ளடக்கிய 54 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் 'ஜாமா'வில் வந்த கட்டுரை, அவர்களில் 28.8 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோயோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகக் கணித்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் தந்த அறிக்கை நம் நாட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொன்ன 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிவித்தார்கள். பதில் சொன்ன 5,337 முதுநிலை மாணவர்களில் 31 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. விரும்பியவர்கள் மட்டும் பதில் சொன்ன கணக்கெடுப்பு இது. எண்ணை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் இது புறந்தள்ளக்கூடிய எண் இல்லை.

வழிகாட்டி இருந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்வது பொய். இளைய மருத்துவர்களின் தொடர் பணி 12 மணி நேரத்தையும் வாரப் பணி 48 மணி நேரத்தையும் சாதாரணமாக மீறக் கூடாது என்று மத்திய அரசின் ரெசிடென்சி விதி 1992இலேயே சொல்லிவிட்டது. 2024ஆம் ஆண்டுப் பணிக்குழு, வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைக்கும் அளவுக்கு நடைமுறை அந்த விதியிலிருந்து விலகிக் கிடக்கிறது. முப்பத்தாறு மணி நேரம் விழித்திருப்பவருக்குத் தேவை தூக்கம், அறிவுரை இல்லை. பணிநேரத்தைத் தொடாமல் "வழிகாட்டி நியமித்துவிட்டோம்" என்று அறிவிக்கும் நிர்வாகம், பாதிப்பின் பொறுப்பைத் தன் தோளிலிருந்து இறக்கி ஒரு உதவிப் பேராசிரியரின் தோளில் வைக்கிறது. அதே நேரம், உடைந்துபோகும் ஒரு பிள்ளையை முதலில் கவனிக்கக்கூடியவர் யார் என்று கேட்டால், தினமும் பார்க்கும் மூத்தவர்தான். மனநல மருத்துவரிடம் அனுப்பவும் முதலில் யாராவது முகம் வாடியிருப்பதைப் பார்க்க வேண்டும்.

இந்த உறவு கெட்டுப்போகும் விதங்களையும் பேசாமல் விட முடியாது. வினீத் சோப்ரா, டானா எடல்சன், சஞ்சய் செயின்ட் ஆகியோர் 2016இல் 'ஜாமா'வில் எழுதிய கட்டுரை, தீய வழிகாட்டிகளை வகை வகையாகப் பிரித்துக் காட்டியது. இளையவரின் கருத்தைத் தனதாக்கிக்கொள்பவர், தன் வேலைகளை அவர் தலையில் கட்டுபவர், வேறு யாரிடமும் போகவிடாமல் உடைமை கொண்டாடுபவர், எல்லாவற்றையும் தன் மேசையில் தேக்கி வைப்பவர், வம்பு எதற்கென்று எந்தச் சண்டையிலும் கூட நிற்காதவர், ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்து கைக்கே கிடைக்காதவர். நம் கல்லூரிகளில் முதுநிலை படித்த எவரிடமும் இந்தப் பட்டியலைக் காட்டினால் முகங்கள் நினைவுக்கு வரும். நம்மிடம் ஒவ்வொரு முதுநிலை மாணவருக்கும் ஆய்வேட்டுக்கு ஒரு கைடு கட்டாயம். அந்தக் கையெழுத்து இல்லாமல் தேர்வு எழுத முடியாது. லாக் புக்கிலும் அவர் கையெழுத்து; உள்தேர்வாளராக உட்காருவதும் பல நேரம் அதே துறைக்காரர்கள். இத்தனை அதிகாரத்தை ஒரே கையில் குவித்துவிட்டு, "உன் குறைகளை மனம் திறந்து அவரிடம் சொல்" என்று இளையவரிடம் சொல்வது நடக்காத காரியம்.

அந்த அதிகாரத்தோடு சாதியும் பாலினமும் சேரும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. 2019 மே மாதம் மும்பையில் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த முதுநிலை மருத்துவ மாணவி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். மூத்த மாணவியரின் சாதி வன்கொடுமையே காரணம் என்று குடும்பம் குற்றம் சாட்டி, வழக்கு நீதிமன்றம் போனது. சீனியர் என்ற உறவு எவ்வளவு பெரிய ஆதரவோ, கவனிப்பாரற்று விட்டால் அவ்வளவு பெரிய அபாயம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு அப்பா வழியாகவோ மாமா வழியாகவோ அறிமுகமான மருத்துவர் யாரும் இருக்க மாட்டார். மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்திலேயே கிடைத்துவிடும் வழிகாட்டல், இவருக்கு மருத்துவமனை கொடுத்தால்தான் உண்டு. முறையான ஏற்பாடு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான். தானாக அமையட்டும் என்று விட்டால், ஏற்கெனவே வாய்த்தவருக்கே மேலும் வாய்க்கும். பெண்களுக்கும் இது பொருந்தும். அறுவை சிகிச்சை, எலும்பு மருத்துவம் போன்ற துறைகளில் தேநீர்க் கடைவரை நீளும் ஆண்களின் பேச்சில்தான் பாதி வாய்ப்புகள் கைமாறுகின்றன.

இந்திய மருத்துவ கவுன்சில் வகுத்த புதிய பாடத்திட்டம் 2019 முதல் நடைமுறைக்கு வந்தபின் கல்லூரிகளில் மென்டார், மென்டீ பட்டியல்கள் வந்துவிட்டன. எண் வரிசைப்படி பத்துப் பதினைந்து பேர் ஓர் ஆசிரியருக்கு. மாதம் ஒருமுறை கையெழுத்து. ஆய்வுக்கு வருபவர்கள் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். இது முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். கூச்சமுள்ள ஒரு பிள்ளைக்குப் போய்ப் பேச ஒரு சாக்கு கிடைக்கிறது. ஆனால் எம்.பி.பி.எஸ். மாணவருக்காவது இந்தப் பட்டியல் இருக்கிறது. ஹவுஸ் சர்ஜனானதும் அவர் இரு வாரம், ஒரு மாதம் என்று துறைக்குத் துறை மாறும் வேலையாளாகிவிடுகிறார். பெயர் தெரிவதற்குள் அடுத்த துறைக்குப் போய்விடுவார். உதவி அதிகம் தேவைப்படும் ஆண்டில்தான் யாருக்கும் சொந்தமில்லாதவர் ஆகிறார்.

வழிகாட்டல் அருகி வருவதன் இன்னொரு வேர் ஆள் பற்றாக்குறையில் இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன: விருதுநகர், நாமக்கல், திண்டுக்கல், ராமநாதபுரம், அரியலூர், கள்ளக்குறிச்சி என்று பெரும்பாலும் அதுவரை கல்லூரி இல்லாத மாவட்டங்களில். மக்களுக்கு இது பெரிய நன்மை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கட்டடத்தை இரண்டு ஆண்டில் எழுப்பிவிடலாம். இருபது ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியரை இரண்டு ஆண்டில் உருவாக்க முடியாது. பழைய கல்லூரிகளிலிருந்து இடமாற்றத்தில் போகிறவர்கள் குடும்பத்தை மதுரையிலோ சென்னையிலோ விட்டுவிட்டு வார இறுதிக்குக் காத்திருக்கிறார்கள். வழிகாட்டும் உறவு முளைக்கக் குறைந்தது ஓராண்டாவது ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உள்ள இன்னொரு பிரிவினரை மேலைநாட்டு ஆய்வுகள் அறியா. மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் ஒரு பகுதி அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு உரியது. மலையிலும் கிராமத்திலும் ஆறேழு ஆண்டு தனியாக நின்று பிரசவம் பார்த்து, பாம்புக்கடிக்கு மருந்தேற்றி, ஊர்க்காரர்களைச் சமாளித்துவிட்டு முதலாண்டு பிஜியாக வருபவர் அவர். நேற்றுப் படித்து முடித்து வந்த சக பிஜிக்குக் கல்லூரிப் பாடம் மறக்கவில்லை. இவருக்கு நோயாளியின் வாழ்க்கை தெரியும். நல்ல யூனிட்களில் இந்த இருவரும் ஒருவருக்கொருவர் வழிகாட்டியாகிவிடுவதைப் பார்க்கலாம். "அண்ணா, இந்த அட்டெண்டர்கிட்ட எப்படிப் பேசறது?" என்று இளையவர் கேட்பார், புதிய மருந்துகளின் அளவை மூத்தவர் அவரிடம் கேட்டுக்கொள்வார். ஓரிரு ஆண்டு மூத்தவர் தரும் உதவியைக் குறைத்து மதிக்கவே கூடாது. ஊசி எங்கே குத்தினால் ரத்தம் வரும், எந்த லேப் எத்தனை மணிக்கு மூடும், எந்த சீஃப்பிடம் எப்போது விடுப்புக் கேட்கலாம் என்பதெல்லாம் பேராசிரியருக்குத் தெரியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? டொராண்டோ, கலிபோர்னியா பல்கலைக்கழகங்களில் ஷரன் ஸ்ட்ராஸ் குழுவினர் ஆசிரியர்களை நேர்கண்டு 2013இல் எழுதிய ஆய்வு, நன்றாக அமைந்த உறவுகளில் பரஸ்பர மரியாதை, தெளிவான எதிர்பார்ப்பு, மன ஒட்டுதல் ஆகியவற்றைக் கண்டது. முறிந்தவற்றில் பேச்சு அற்றுப்போனதையும் போட்டியையும் அக்கறையின்மையையும் கண்டது. மன ஒட்டுதலை ஆணை போட்டு வரவழைக்க முடியாது. எனவே முதல் மூன்று மாதம் ஒதுக்கப்பட்ட வழிகாட்டி, பிறகு இளையவரே தேர்ந்தெடுக்கலாம், காரணம் சொல்லாமல் மாற்றிக்கொள்ளலாம் என்று விட வேண்டும். பிரிட்டனில் 2005 முதல் நடக்கும் பயிற்சித் திட்டத்தில் ஒவ்வொரு புதிய மருத்துவருக்கும் அன்றாட வேலையைக் கவனிப்பவர் ஒருவர், ஒட்டுமொத்தப் பயிற்சியைக் கவனிப்பவர் ஒருவர் என்று இரு பொறுப்பாளர்கள். நாம் அதில் இன்னும் ஒரு படி போக வேண்டும். மதிப்பெண் போடுபவரும் ஆய்வேட்டில் கையெழுத்திடுபவரும் வழிகாட்டியாக இருக்கக் கூடாது. அவர் வேறு யூனிட்டிலிருந்து, முடிந்தால் வேறு துறையிலிருந்து வர வேண்டும். ஹால்ஸ்டெட்டின் ரெசிடென்டுக்கு ஆஸ்லர் வீட்டில் கிடைத்தது அதனால்தான் கிடைத்தது.

அடுத்தது நேரம். உதவிப் பேராசிரியர் ஓ.பி. பார்க்க வேண்டும், வகுப்பு எடுக்க வேண்டும், காப்பீட்டுத் திட்டத் தாள்களில் கையெழுத்திட வேண்டும், ஆய்வுக் குழு வந்தால் கோப்பு காட்ட வேண்டும். இவை அனைத்துக்கும் பணிப் பட்டியலில் இடம் உண்டு. இளையவரோடு உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரத்துக்கு இல்லை. பட்டியலில் இல்லாத வேலை நல்ல மனம் கொண்ட சிலரின் தலையில் விழுந்து, அவர்களும் சோர்ந்து விடுகிறார்கள். வாரத்தில் ஒரு பிற்பகலில் ஒரு மணி நேரம் டீன் கையெழுத்திட்ட டியூட்டிப் பட்டியலில் ஏற வேண்டும். அந்த நேரத்தில் அவரை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் தேசிய மருத்துவ ஆணையம், ஒருவர் எத்தனை பிஜிக்களை உடையாமல் கரை சேர்த்தார் என்பதையும் அந்தப் பிஜிக்களிடமே கேட்டு எண்ணலாம்.

இவற்றுக்கு அரசாணை வேண்டும், ஆண்டுகள் ஆகும். காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பழைய கல்லூரி ஊரிலும் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள். அவர்கள் கையில் மதிப்பெண் இல்லை, இடமாற்றம் இல்லை, யாரோடும் போட்டி இல்லை, நேரம் இருக்கிறது. பலருக்கும் வார்டை விட்டு வந்த ஏக்கம் ஆறவில்லை. புதிய கல்லூரிகளுக்கு வாரம் ஒருமுறை காரில் அழைத்து வரலாம். மற்ற நாட்களுக்கு அவர்கள் தொலைபேசி எண் போதும். முதுநிலை முடித்துத் தாலுகா மருத்துவமனைக்குத் தனியாகப் போன மருத்துவரும் அதே எண்ணைக் கூப்பிடலாம். நூலகத்தை ஒட்டி ஓர் அறை, இரண்டு நாற்காலி, வாயிற்காவலர் நிறுத்தாதபடி ஓர் அடையாள அட்டை, டீனிடமிருந்து மரியாதையான ஒரு கடிதம். அடுத்த அணி ஹவுஸ் சர்ஜன்கள் பணியில் சேரும் நாளுக்குள் இதை எந்தக் கல்லூரியும் செய்துவிட முடியும்.